ஒரு கால் கட்டையான வாங்கு

கல்முனையிலிருந்து காரைதீவு வரை இந்தக் கரையோரத்தில் எத்தனையோ பேர் மனிதர்களை எழுப்பி நிற்கவைத்து நடுங்கச் செய்திருக்கிறார்கள். நான் வேலை பார்த்த கந்தோரிலேயே அப்படிச் சில மேலதிகாரிகள் இருந்தார்கள். ஆனால் மனிதர்களை மரியாதையாக உட்காரவைத்து, தேத்தண்ணியும் கொடுத்து, நடுங்கச் செய்த ஒரே ஆள் எங்கள் தெரு டீவிக் காக்காதான்.

காக்கா என்றால் எங்கள் பக்கத்தில் அண்ணன். பெயரைக் கேட்டு அவரை டீவி பார்க்கிறவர் என்று நினைக்க வேண்டாம். சாய்ந்தமருது பிரதான வீதியில் கடை வைத்து அரை ஆயுளுக்கு டீவி திருத்தியவர். இப்போது டீவி ஓடுகிற வீட்டுப் படியில்கூடக் கால் வைக்கமாட்டார். இருந்தும் பெயர் போகவில்லை. பிறப்புச் சான்றிதழில் பிழையாக விழுந்த பெயரைத் திருத்துவதற்கு என்ன வழி என்று என்னைக் கேட்டால் தூக்கத்திலும் சொல்வேன். தெரு வைத்த பெயரைத் திருத்த வழியே கிடையாது. மேன்முறையீடும் இல்லை. நான் கந்தோரில் பிரதம இலிகிதராக, சீஃப் கிளார்க்காக, இருந்து இளைப்பாறியவள். அந்தப் பதவியின் ஆங்கிலப் பெயரில் இரண்டு எழுத்தை மட்டும் எடுத்து, தெரு என்னை 'சீசி' என்றுதான் இன்றைக்கும் கூப்பிடுகிறது. நானும் முறையிடவில்லை. எனக்கும் அவருக்கும் இடையில் ஒரு மதில்தான்.

அவர் டீவியை விட்ட காரணத்தில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு பின்னேரம் அவருடைய மனைவி விறாந்தையில் நாடகம் பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில் எல்லோருக்கும் அவர் ராத்தா, அதாவது அக்கா. பக்கத்தில் மகளும் பார்த்துக்கொண்டிருந்தாள். மருமகன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாடகம் முடிந்து செய்தி வந்தது. செய்தி முடிந்து விளம்பரம் வந்தது. ராத்தா கண்ணை எடுக்கவில்லை. "எழும்புங்கும்மா" என்று மகள் தோளைத் தொட்டபோதுதான் தெரிந்தது, பக்கவாதம் வந்து எவ்வளவோ நேரமாகியிருந்தது. டீவி பார்க்கிற முகத்துக்கும் வாதம் அடித்த முகத்துக்கும் அந்த வீட்டில் யாருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. எங்கள் வீட்டில் நடந்திருந்தாலும் தெரிந்திருக்காது. அதை நினைத்து நான் சில நாள் சாப்பிடாமல் இருந்தேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த ராத்தாவுக்கு வலது பக்கம் வேலை செய்யவில்லை. பேச்சு அடியோடு போயிருந்தது. காது மட்டும் நன்றாகக் கேட்டது. "பக்கத்துல இருந்து கதைச்சுக்கொண்டே இருங்க. கேக்கக் கேக்கத்தான் பேச்சு வரும், வந்தா" என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். கடைசியில் இருந்த அந்த 'வந்தா'வை டீவிக் காக்கா காதில் வாங்கவில்லை. மிச்சத்தைச் சுற்றறிக்கையாக எடுத்துக்கொண்டார். ராத்தாவின் வாயிலிருந்து ஒரு சொல் கேட்க வேண்டும். அதன் பிறகு அந்த மனிதருக்கு உலகத்தில் வேறு தேவை எதுவும் இருக்கவில்லை.

நோய் விசாரிக்க வருகிற முறை நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஒரு பிஸ்கட் பைக்கற், ஒரு மோல்ட் சத்துமா ரின். இந்த ரின்னை யாரும் உடைப்பதில்லை. அது அடுத்த நோயாளிக்குப் போகும். நான் ஒரு வீட்டுக்குக் கொண்டுபோன ரின், விளிம்பில் நெளிந்த இடத்தோடு, ஊரைச் சுற்றி எனக்குக் காய்ச்சல் வந்தபோது என்னிடமே திரும்பி வந்திருக்கிறது. வருகிறவர்கள் கதிரையில் உட்காருவார்கள். "எப்படி இரிக்கி?" என்று நோயாளியைக் கேட்காமல் புருசனைக் கேட்பார்கள். பிறகு போனை எடுப்பார்கள். தேத்தண்ணி முடிந்ததும் போனைப் பார்த்தபடியே போவார்கள். ராத்தா முகட்டைப் பார்த்தபடி கிடப்பார்.

முதலில் வீட்டு டீவியைக் கழட்டலாமா என்று ஆலோசனை கேட்டு என்னிடம் வந்தார்.

"வீடு யார்ர பேரில காக்கா?"

"மகள்ர. கலியாணத்துக்கு எழுதிக் குடுத்தது."

"டீவி?"

"மருமகன்ர."

"அப்ப நீங்க?"

"நான் வாப்பா."

"அதுக்கு அதிகாரமில்ல காக்கா."

அவர் போய், மனைவியை வளவின் பின்பக்கத்தில் முன்பு சமையல் நடந்த பழைய குசினி அறைக்குக் கொண்டுபோனார். மகளுக்கு வீட்டைக் கொடுத்த தாய் தகப்பன் கடைசியில் போய்ச் சேருகிற இடம் நம் ஊரில் அதுதான். கடையையும் மூடினார். ஆட்கள் திருத்தக் கொடுத்துவிட்டு மறந்துபோன பழைய பெட்டி டீவிகளை அங்கே கொண்டுவந்து உடைத்து, பலகையை மட்டும் எடுத்தார். வாழ்நாளில் வாள் பிடித்திராத அந்த மனிதர் தட்டித் தட்டி மர வாங்கு ஒன்று செய்தார். இரண்டு பேர் உட்காரலாம். ஒரு கால் கட்டை, மற்றக் கால்களைவிடக் குட்டை.

அதில் முதன்முதல் உட்கார்ந்தவர் மருமகன். உட்கார்ந்தார், போனை எடுத்தார், வாங்கு சரிந்தது. போன் கட்டிலுக்கு அடியில் போனது. மனிதர் பலகையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். அசைந்தால் விழுவோம் என்ற பயம். கைக்கு வேறு வேலையில்லை, கண்ணுக்கும் இல்லை. கொஞ்ச நேரம் தவித்துவிட்டு, "மாமி, இண்டைக்கு நல்ல வெயில்" என்றார். கலியாணம் முடித்த நாளிலிருந்து அவர் மாமியோடு நேருக்கு நேர் கதைத்த முதல் வசனம் அதுதான் என்று மகள் பிறகு என்னிடம் சொன்னாள். ராத்தா கண்ணைத் திருப்பி மருமகனைப் பார்த்தார். டீவிக் காக்கா அதைப் பார்த்தார்.

"காக்கா, ஒரு கால் கட்ட" என்றேன் நான், கண்டதும் குறிப்பிட வேண்டும் என்ற கந்தோர்ப் பழக்கத்தில்.

"தெரியும்."

"அடியில ஒரு மட்டையாவது வைங்களன்."

"ரெண்டு கையும் வேலையா இரிந்தாத்தான் வாய் திறக்கிது சீசி. நான் டீவி திருத்தினவன். எந்த வயரக் கழட்டினா எது வேல செய்யும் எண்டு எனக்குத் தெரியும்."

அதற்குப் பிறகு செய்த வாங்குகளில் எல்லாம் ஒரு காலை வேண்டுமென்றே கட்டையாக வெட்டினார்.

சட்டங்களும் வந்தன. முதலாவது, கடையில் வாங்கியது எதுவும் அந்த அறைக்குள் வரக்கூடாது. சொந்தக் கையால் செய்தது வரலாம். இரண்டாவது, முதலாவதற்கான திருத்தம்: போனில் பார்த்ததைக் கதைக்கக்கூடாது. கதையும் சொந்தக் கதையாக இருக்க வேண்டும். இவற்றை அமுல்படுத்த வாசலிலேயே நின்றார். சலாத்துக்குப் பதில் சொன்ன கையோடு ஒரு கேள்வி கேட்பார்:

"இண்டைக்கு என்ன செஞ்சீங்க?"

இந்த ஒரு கேள்விக்குப் பயந்து ஆட்கள் தெருவைக் கடந்து அடுத்த பக்கத்தால் போனார்கள். 'சந்தைக்குப் போனேன்' என்றால், அது போனது, செஞ்சது என்ன என்பார். 'கறிக்கு மீன் வாங்கினேன்' என்றால், அது மீன்காரன் செஞ்சது என்பார். நான் மாட்டிக்கொண்ட நாளில் காலையிலிருந்து ஏதோ ஒரு நாட்டில் ஒரு மனிதன் மலைபோல் சோறு தின்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதைச் சொல்ல முடியுமா?

"பென்சன் எடுத்தன் காக்கா."

"அது அரசாங்கம் செஞ்சது. போய், என்னயாவது செஞ்சிட்டு வாங்க."

சம்மாந்துறையில் வயல் செய்கிற ராத்தாவின் தம்பி ஒரு மூட்டை அரிசியோடு வந்து இறங்கினார். இதிலாவது ஆட்சேபம் இருக்காது என்று நினைத்தேன்.

"விதைச்சது ஆர்?" என்றார் டீவிக் காக்கா.

"நான்தான் மச்சான்."

"வெட்டினது?"

"மெசின்."

கொஞ்சம் யோசித்தார். "பாதிய இறக்குங்க."

தம்பி சிரித்துக்கொண்டு பாதியை இறக்கினார். பிறகு வாங்கில் தொங்கிக்கொண்டு, வயலுக்கு யானை வந்த கதையையும் தான் மரத்தில் ஏறியிருந்த கதையையும் அக்காவுக்குச் சொன்னார். ராத்தாவின் இடது கன்னம் முதல் தடவையாக அசைந்தது. சிரிப்பின் இடது பாதி அது. வலது பாதி வரவேயில்லை.

தூரத்துச் சொந்தக்காரி ஒருத்தி வந்து, எங்கோ ஒரு பொம்பிளைக்கு ஒரே பிரசவத்தில் நாலு பிள்ளை பிறந்ததாம் என்று தொடங்கினாள்.

"நீங்களா பெத்த?"

"இல்லக் காக்கா, பேஸ்புக்கில…"

"அப்ப வேற கதைங்க."

அவளிடம் வேறு கதை இருக்கவில்லை. வாயைத் திறந்து திறந்து மூடினாள். எழும்பிப் போகவும் முடியாது, எழும்பினால் வாங்கு கவிழும். கடைசியில், வெள்ளக் காலத்தில் தோணியில் ஏற்றிப்போக, தோணியிலேயே மூத்த மகனைப் பெற்ற கதையை அவளாகவே எடுத்தாள். தொடங்கியவளை நிறுத்த முடியவில்லை. அஸர் தொழுகை நேரமும் தாண்டிப் போனது. போகும்போது, "இத நான் ஆருக்கும் சொன்னதில்ல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

மருமகன் ஒரு நாள் தன் கையாலேயே முட்டை பொரித்துக்கொண்டு வந்தார். ஓடும் உள்ளே இருந்தது. டீவிக் காக்கா அதை ஏற்றுக்கொண்டு, ஓட்டைப் பொறுக்கிவிட்டு ஊட்டினார்.

எனக்குச் சமையல் சுமார். ஆகவே கந்தோர்க் கதைகளைக் கொண்டுபோனேன். அவை சீக்கிரமே தீர்ந்துவிட்டன. கந்தோரில் நடந்தவை அவ்வளவுதான். ஒரு நாள் வாசலிலேயே கேட்டேன்: "காக்கா, பொய் சொல்லலாமா?"

"ஆர் செஞ்ச பொய்?"

"நானே செஞ்சது."

"அப்ப உள்ள போங்க."

இப்படித்தான் ஓய்வுபெற்ற பிரதம இலிகிதர் ஒருத்தி கட்டுக்கதை எழுத்தாளரானாள். கையொப்பம் போடத் தெரியாத மேலதிகாரி ஒருவரையும் அவருக்குப் பதிலாகக் கோவைத் தாள்களில் குளம்பு பதிக்கும் ஓர் ஆட்டையும் உண்டாக்கினேன். தினமும் ஒரு அத்தியாயம். காலையில் எழும்பினால் போனைத் தேடுவதில்லை. இன்றைக்கு ஆடு என்ன செய்யும் என்று யோசித்துக்கொண்டு பல் விளக்குவேன்.

இதற்கிடையில் வாங்குகள் தெருவுக்கும் பரவின. சலூனில் ஒன்று, தேத்தண்ணிக் கடையில் ஒன்று, வீட்டுக்கு வீடு ஒன்று, என் வீட்டு வாசலிலும் ஒன்று. ஏன் இந்தத் தண்டனை என்று கேட்டதற்கு, "இங்க வந்து கதைக்கிறதுக்கு முதல் ஊட்டுல பழகட்டும்" என்றார். வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் துணிவில்லை. தேத்தண்ணிக் கடையில் அந்த வாங்கில் உட்கார்ந்தவர்கள் ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு அரசியல் கதைத்தார்கள். விழுந்தால் எல்லாக் கட்சியும் சேர்ந்தே விழுந்தது.

அந்த ஒரு சொல் வந்த நாளில் டீவிக் காக்கா அஸர் தொழப் பள்ளிவாசலுக்குப் போயிருந்தார். நான் ராத்தாவுக்கு ஆடு கையொப்பமிடுகிற கட்டத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். நல்ல கட்டம். குளம்பை எப்படித் தூக்கியது என்று காட்டுவதற்காக என்னை மறந்து ஒரு கையை விட்டுவிட்டேன். வாங்கு சரிந்தது.

"புடிகா."

கட்டிலிலிருந்துதான் வந்தது. தெளிவாக வந்தது, பெண்ணுக்குப் பெண் உரிமையோடு சொல்கிற 'பிடி'. பிடிக்கத்தான் பார்த்தேன், ஆனால் கந்தோர்க் கதிரை வளர்த்த உடம்பு அவ்வளவு கெதியாகக் கட்டளைக்குப் பணியாது. நிலத்தில் கிடந்தபடி மேலே பார்த்தேன். ராத்தா என்னைப் பார்த்துப் பாதிச் சிரிப்புச் சிரித்துக்கொண்டிருந்தார். நான் நிலத்திலேயே இருந்து அழுதேன்.

டீவிக் காக்கா திரும்பி வந்ததும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழட்டவும் மறந்து நின்றார்.

"என்ன சொன்னா?"

"புடிகா எண்டா."

"ஆருக்கு?"

"எனக்குத்தான். விழப் பாத்தன்."

கதவு நிலையைத் தடவிக்கொண்டு நின்றார். "நான் தொழப் போயிட்டனே" என்றார். பிறகு போய் வாங்கில் உட்கார்ந்து, ஒரு கையை விட்டு, தொம்மென்று விழுந்தார். விழுந்து கிடந்து மனைவியின் முகத்தைப் பார்த்தார். ராத்தா அவரைப் பார்த்தார். ஒன்றுமில்லை. எழும்பி உட்கார்ந்து மறுபடி விழுந்தார்.

அன்றிலிருந்து அந்த அறையில் அவர் விழாத நாளில்லை. முன்பக்கமாக விழுந்தார், பின்பக்கமாக விழுந்தார், தேத்தண்ணிக் கோப்பையோடு விழுந்தார். புதிய வாங்குகளில் காலை இன்னும் கட்டையாக வெட்டினார். வருகிறவர்களும் கண்ணில் தெரிகிற மாதிரி விழுந்து பார்த்தார்கள். மருமகன் ஒரு நாள் முழங்கையை உடைத்துக்கொண்டார். ராத்தா எல்லோரையும் பார்த்துக் கன்னத்தை அசைத்தார். வாயைத் திறக்கவில்லை.

"அவக்குத் தெரியும் காக்கா, நீங்க வேணுமெண்டுதான் விழுறீங்க எண்டு."

"தெரிஞ்சாலும் ஒருக்காச் சொல்லலாந்தானே" என்றார்.

மழைக் காலம் தொடங்கியபோது ராத்தாவுக்கு இரண்டாவது தடவையும் வாதம் வந்தது. ஆஸ்பத்திரியில் பெண்கள் வாட்டில் மகள் கூட நின்றாள். டீவிக் காக்கா பார்வை நேரத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து, பின்பக்கத்தில் பலகை அறுத்துக்கொண்டிருந்தார். வாட்டில் கட்டிலுக்குப் பக்கத்தில் வைக்கச் சின்னதாக ஒரு வாங்கு வேண்டுமாம். அதற்கு அனுமதி எடுக்க யாரிடம் போக வேண்டும் என்று காலையில் என்னைக் கேட்டிருந்தார்.

என் போன் சத்தமிட்டது. தெருக் குழுமத்தில் மருமகன் போட்டிருந்தார். மரணச் செய்திக்குப் போடுகிற, இன்னாலில்லாஹி என்று தொடங்கும் அந்த வசனமும் ராத்தாவின் பெயரும். நான் வாசித்து முடிக்கு முன்னரே அதன் கீழ் அதே வசனம், அதே எழுத்தில், அதே பூப்படத்தோடு ஒவ்வொன்றாக வந்து விழத் தொடங்கியது. மதிலுக்கு அந்தப் பக்கத்தில் வாள் சத்தம் நிற்கவில்லை. தெருவில் போன் இல்லாத ஒரே ஆள் அவர்தான்.

மகளும் மருமகனும் ஆஸ்பத்திரியில். அவரிடம் போகக்கூடியவள் நான் மட்டும்தான். போனில் இருந்ததை அப்படியே வாசித்துக் காட்ட முடியாது. அந்த வளவுக்குள் அதற்கு இடமில்லை.

என்னைக் கண்டதும் வாளை நிறுத்தாமல், வழக்கம்போலக் கேட்டார்:

"இண்டைக்கு என்ன செஞ்சீங்க சீசி?"

"காக்கா" என்றேன். "அந்த வாங்கு இனி ஆஸ்பத்திரிக்குத் தேவையில்ல."

வாள் பலகையின் நடுவில் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. பலகையைப் பார்த்துக்கொண்டு, "கடைசியில ஏதும் கதைச்சாவாமா?" என்றார்.

அந்த அறையில் எத்தனை நாள், எத்தனை பொய் செய்திருப்பேன். ஆட்டுக்குக் கையொப்பம் பழக்கியவள் நான். அந்த ஒரு பொய்யை மட்டும் எனக்குச் செய்ய வரவில்லை.

"தெரியாக் காக்கா. கதைச்சதா ஒருத்தரும் சொல்லல்ல."

தலையை ஆட்டினார். மிச்சப் பலகையையும் அறுத்து முடித்து, தூளைக் கையால் துடைத்து, துண்டைச் சுவரில் சாத்திவிட்டுத்தான் என்னோடு வந்தார்.

அடக்கம் முடிந்து, முறைப்படி அயல் வீடுகளிலிருந்து சாப்பாடு வந்தது. இந்தக் காலத்தில் மையத்து வீட்டுக்குக் கடைப் பார்சல்தான் வரும். ஆனால் அந்த வீட்டுக்கு ஒரு பார்சலும் வரவில்லை. எல்லோரும் தங்கள் கையால் சமைத்துக் கொண்டுவந்தார்கள். சலூன்காரரின் பருப்பு கரிந்திருந்தது. மருமகனின் முட்டையில் ஓடு இருந்தது. என் கறியைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. டீவிக் காக்கா எல்லாவற்றிலும் ஒரு பிடி தின்றார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை.

ஆட்கள் வருவது ஓய்ந்த பிறகு ஒரு நாள் வாளைக் கையில் பிடித்துக்கொண்டு தெருவில் இறங்கினார். வீடு வீடாகப் போய், தான் கொடுத்த வாங்குகளைக் கவிழ்த்துப் போட்டு, நீளமாக இருந்த மற்றக் கால்களை அளந்து வெட்டிச் சமமாக்கினார். அவ்வளவு சுத்தமான வேலையை நான் அவரிடம் பார்த்ததில்லை. தேத்தண்ணிக் கடை வாங்கு இப்போது பாறை மாதிரி நிற்கிறது. அதில் எல்லோரும் வசதியாகச் சாய்ந்து உட்கார்ந்து போன் பார்க்கிறார்கள்.

கடைசியாக என் வாசலுக்கு வந்தார்.

"உங்கட வாங்கையும் கவிழ்த்துப் போடுங்க சீசி. ஆடாமச் செஞ்சு தாறன்."

"வேணாம்."

"விழுந்திருவீங்க."

"நான் விழாததா காக்கா?"

"எல்லாரும் தந்திட்டாங்க. இனி ஆர் கதைக்கிறத்துக்கு அது ஆட வேணும்?"

"என்ட வாங்கில கை வைக்கிறதெண்டா எழுத்தில விண்ணப்பம் தாங்க. நான் நிராகரிப்பன். மேன்முறையீடும் எனக்கிட்டத்தான் வரும்."

வாளை மதிலில் சாத்திவிட்டு அந்த வாங்கிலேயே உட்கார்ந்தார். அது இடப்பக்கம் சரிந்தது. இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு தெருவைப் பார்த்தார்.

இப்போது அஸர் தொழுதுவிட்டு ஒவ்வொரு நாளும் வருகிறார். என்ன செஞ்சீங்க என்று கேட்பதில்லை. அதிகம் கதைப்பதுமில்லை. நான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டுபோய் நீட்டுவேன். அதை வாங்க அவர் ஒரு கையை விடுவார், வாங்கு சரியும். கோப்பையை மதிலில் வைத்துவிட்டு உள்ளே போகலாம்தான். அவர் வேண்டுமென்றுதான் அந்தக் கையை விடுகிறார் என்பதும் எனக்குத் தெரியும்.

தெரிந்தும், ஒவ்வொரு நாளும் சொல்கிறேன்: "புடிங்க காக்கா."